பல்லைப் பிடித்துப் பார்க்கும் உரிமை

இங்கிலீஷ்காரன் விட்டுப்போன சொற்களிலே நம்மவர்கள் மிகுந்த பிரியத்துடன் தத்தெடுத்து வளர்த்துவரும் சொல் ‘அட்ஜஸ்ட்’ என்பது. மூன்று பேர் உட்கார்ந்திருக்கும் ரயில் பெஞ்சுக்கு முன்னால் நான்காவது ஆசாமி ஒருவர் வந்து நின்று இந்தச் சொல்லை உச்சரித்தால் போதும். மூன்று பேரும் முணுமுணுத்துக்கொண்டே நகர்ந்து இடம் விடுவார்கள். கல்யாண வீட்டில் பாய் போதவில்லையா, அட்ஜஸ்ட். குழாயில் தண்ணீர் வரவில்லையா, அட்ஜஸ்ட். புகுந்த வீட்டில் மூச்சு முட்டுகிறது என்று ஒரு பெண் வந்து அழுதால், அவளைப் பெற்ற தாயார் கொடுக்கும் ஒரே மருந்தும் இதுதான்.

இந்தச் சொல்லுக்கு நான் ஜன்ம விரோதி அல்ல. ரயில் பெஞ்சில் நகர்ந்து கொடுப்பது மனிதத் தன்மை. அதை விட்டுவிட்டால் நாம் யாரும் ஊர் போய்ச் சேரமுடியாது. ஆனால் பணத்தையும் வாங்கிக்கொண்டு, அளவையும் எடுத்துக்கொண்டு, அந்த அளவுக்கு மாறாக ஒரு பொருளைச் செய்து அனுப்பிவிட்டு, “கொஞ்சம் அட்ஜஸ்ட் பண்ணிக்குங்க மேடம்” என்று ஒருவர் சொல்கிறார் பாருங்கள், அப்போது அந்தச் சொல்லுக்கு வேறு அர்த்தம் ஏற்பட்டுவிடுகிறது. ‘பிசகு என்னுடையது, வளைய வேண்டிய உடம்பு உங்களுடையது’ என்று அர்த்தம்.

இவ்வளவு பீடிகையும் ஒரு சைக்கிளுக்காகத்தான். ஏழு மாதம் காத்திருந்து, அளவு கொடுத்துச் செய்வித்த சைக்கிள் எனக்குத் தப்பாக வந்து சேர்ந்தது. நான் அதை ஏற்க மறுத்தேன். மறுத்த நாளிலிருந்து என் சிநேகிதர்களும் உறவினர்களும் என்னைக் கோர்ட்டுப் பைத்தியம் பிடித்தவளைப் பார்ப்பதுபோல் பார்க்கிறார்கள். “ஒரு சைக்கிளுக்கா இவ்வளவு ரகளை?” என்கிறார் ஒருவர். “பாவம், சின்னத் தொழில் செய்கிறவன், நீங்கள்தான் பெருந்தன்மையாக விட்டுக்கொடுக்க வேண்டும்” என்கிறார் இன்னொருவர். என் சொந்தச் சித்தியோ, “அவ்வளவு பணம் போட்டுச் சைக்கிள் வாங்குவார்களா? அதிலே சண்டை வேறா?” என்கிறாள். இவர்களுக்குத் தனித்தனியே பதில் சொல்லிச் சலித்துவிட்டபடியால், மொத்தமாக இங்கே சொல்லிவிடுவதாக உத்தேசம்.

முதலில் என் உயரத்தைச் சொல்லிவிடுகிறேன். அதில் வெட்கம் ஒன்றுமில்லை. நாலடி பத்தங்குலம். தமிழ்நாட்டுக் கடைத்தெருவில் இது அதிசயமான உயரமே அல்ல. காய்கறி மார்க்கெட்டில் கால் மணி நேரம் நின்று பாருங்கள். என் தலைக்குச் சமமாகவும் அதற்குக் கீழாகவும் எத்தனையோ தலைகள் போகும். ஆனால் சைக்கிள் கடைக்குள் நுழைந்தேனானால் நான் ஓர் அபூர்வப் பிராணி ஆகிவிடுகிறேன். பெரியவர்களுக்கான சைக்கிளில், ஸீட்டைக் கடைசி மட்டும் இறக்கிய பிறகும், பெடல் கீழே போகும்போது என் கால் அதைத் துரத்திக்கொண்டு போகவேண்டியிருக்கிறது. ஹாண்டில்பாரை எட்டிப் பிடித்துப் பத்து நிமிஷம் ஓட்டினால் கழுத்தும் முதுகும் கெஞ்சுகின்றன. கடைக்காரர் தலையைச் சொறிந்துவிட்டு, ஆறாம் வகுப்புப் பிள்ளைகளுக்கான சைக்கிள் ஒன்றைத் தள்ளிக்கொண்டு வருகிறார். அதில் பொம்மைப் படம் ஒட்டியிருக்கிறது. கைப்பிடியில் ரிப்பன் தொங்குகிறது. “இது உங்களுக்குக் கரெக்டா இருக்கும்மா.” நாற்பத்து நான்கு வயதில், பதினோரு நாவல் எழுதின பிறகு, ரிப்பன் தொங்கும் சைக்கிளில் பாங்கிக்குப் போகச் சொல்கிறார்!

குற்றம் கடைக்காரர்மேல் இல்லை. சைக்கிள் என்ற வண்டி யாருடைய உடம்பை மனத்தில் வைத்துப் பிறந்தது என்பதைப் பார்க்கவேண்டும். 1885-ல் இங்கிலாந்தில் ஜான் கெம்ப் ஸ்டார்லி என்பவர் ‘ரோவர்’ என்ற சைக்கிளைச் செய்தார். இரண்டு சக்கரமும் ஏறக்குறையச் சம அளவு. பின்சக்கரத்தை இழுக்கச் சங்கிலி. இன்றைய சைக்கிள்களுக்கெல்லாம் அதுவே மூதாதை. அந்த வம்சத்திலிருந்து நம் ஊருக்கு வந்து சேர்ந்த கறுப்புச் சைக்கிளை நினைத்துப் பாருங்கள்: இருபத்தெட்டு அங்குலச் சக்கரம், இருபத்திரண்டு அல்லது இருபத்துநாலு அங்குலச் சட்டம். நெட்டையான வெள்ளைக்காரன் ஒருவன் நிமிர்ந்து உட்கார்ந்து போவதற்கு மிகவும் லாயக்கானது. 1947-ல் வெள்ளைக்காரன் கப்பலேறினான். 1949-ல் சென்னையில் டி.ஐ. சைக்கிள் கம்பெனி தோன்றியது. 1956-ல் லூதியானாவில் ஹீரோ தோன்றியது. சைக்கிள் நம்முடையதாயிற்று; சட்டத்தின் உயரம் மட்டும் அவனுடையதாகவே நின்றுவிட்டது. அதற்கு நாம் கண்டுபிடித்த பரிகாரம்தான் ‘குரங்குப் பெடல்’. வாடகைக் கடையிலே மணிக்கு இவ்வளவு என்று சைக்கிள் எடுத்து, பாருக்கு மேலே காலைப் போட முடியாமல், முக்கோணச் சந்துக்குள் ஒரு காலை நுழைத்து, இடுப்பை ஒரு பக்கமாக ஒடித்துக்கொண்டு ஓட்டினோமே, அது! பத்து வயதில் அது நல்ல வேடிக்கை. வயது வந்த பிறகும் அப்படியே போய்க்கொண்டிருக்க வேண்டும் என்று என்ன விதி?

ஆகவேதான் அளவு கொடுத்துச் செய்யச் சொன்னேன். ஓட்டுகிறவரின் கால் நீளம், கை நீளம், உடல் நீளம் பார்த்து, எஃகுக் குழாய்களை வெட்டிப் பற்றவைத்துச் சைக்கிள் சட்டம் கட்டித் தருகிறவர்கள் இப்போது நம் தேசத்தில் சில ஊர்களில் இருக்கிறார்கள். அப்படி ஒருவரை, வெளியூர்ப் பெருநகர் ஒன்றில், விசாரித்துப் பிடித்தேன். பெயரைச் சொல்லப் போவதில்லை. என் வழக்கு ஒரு தனி மனிதரோடு முடிகிற வழக்கல்ல. மொத்த விலை 68,000 ரூபாய். அதில் 40,000 முன்பணம். பாக்கி 28,000 பொருள் வந்து, பார்த்த பிறகு. ஒரு தொடர்கதைக்குக் கிடைத்த பணம் அப்படியே போயிற்று.

அளவு எடுத்த விதத்தையும் சொல்லவேண்டும். வெறுங்காலோடு சுவரில் முதுகைச் சாய்த்து நின்று, கால்களுக்கு நடுவே கெட்டி அட்டைப் புத்தகம் ஒன்றை இறுக்கமாக மேலே உயர்த்தி, அதன் விளிம்புக்கு நேராகச் சுவரில் பென்ஸில் கோடு போட்டு, தரையிலிருந்து அளக்கவேண்டும். சைக்கிளுக்குக் கால் நீளம் எடுப்பது இப்படித்தான். மூன்று வேளை மூன்று தடவை எடுத்தேன். அவர் படம் வரைந்து அனுப்பினார். அதில் எனக்கு முக்கியமான எண்கள் நான்கு. ஸீட் குழாய் 41 சென்டிமீட்டர். மேல் குழாய் 49 சென்டிமீட்டர். கிராங்க் 155 மில்லிமீட்டர். சக்கரம் 559.

இந்தக் கடைசி எண்ணுக்குக் கொஞ்சம் வியாக்கியானம் தேவை. ‘26 அங்குலச் சக்கரம்’ என்று சொன்னால் சைக்கிள் உலகத்தில் அது ஒரே பொருளைக் குறிப்பதில்லை. டயர் உட்காரும் இடத்தில் ரிம்மின் குறுக்களவு 559 மில்லிமீட்டராக இருப்பதற்கும் பெயர் 26 அங்குலம், 584 ஆக இருப்பதற்கும் அதே பெயர் உண்டு, 590-க்கும் உண்டு. ஒன்றின் டயர் மற்றொன்றில் ஏறாது. பிற்பாடு ‘நீங்கள் சொன்ன 26 வேறு, நான் புரிந்துகொண்ட 26 வேறு’ என்ற பேச்சு வரக்கூடாது என்றுதான் 559 என்று மில்லிமீட்டரில் எழுதச் சொன்னேன். இருவரும் படத்தில் கையெழுத்திட்டோம்.

மூன்று மாதம் என்றது ஏழு மாதமாயிற்று. அதைப் பற்றி எனக்கு முறையீடு இல்லை. எந்த நாவலாசிரியர் சொன்ன தேதியில் கையெழுத்துப் பிரதியைக் கொடுத்திருக்கிறார்? லாரி பார்ஸலில் பெட்டி வந்தது. ரசீதில் ‘பிரித்துப் பார்க்காமல் பெற்றுக்கொண்டேன்’ என்று எழுதிக் கையெழுத்துப் போட்டேன். பச்சைப் பெயிண்டு பிரமாதம். குழாய்கள் கூடும் இடங்களில் பற்றவைப்பு அவ்வளவு சுத்தம். பிறகு டேப்பை எடுத்து வைத்தேன். ஸீட் குழாய் 41, சரி. மேல் குழாய் 52. கிராங்க் 170. சக்கரம் 622, அதாவது பெரியவர்களின் சைக்கிள்களுக்கு இப்போது சர்வ சாதாரணமாகப் போடும் 700 ஸி என்ற வகை. நான்கில் மூன்று தப்பு.

டெலிபோனில் அவர் சொன்னதை அப்படியே எழுதுகிறேன்: “மேடம், நீங்க கேட்ட ரிம்மும் அதுக்குத் தோதான ஃபோர்க்கும் ஸ்டாக்குல இல்லை. 700 ஸிதான் இப்ப எல்லாரும் போடறாங்க. ஸீட்டைக் கொஞ்சம் முன்னால தள்ளிக்குங்க, ஸ்டெம்மைச் சின்னதா மாத்திக்குங்க. கொஞ்சம் அட்ஜஸ்ட் பண்ணி ரெண்டு வாரம் ஓட்டினா உடம்பு பழகிடும்.”

உடம்பு பழகிடும்! தையற்கடைக்குப் போன பெண்களுக்கெல்லாம் இந்தக் குரல் பழக்கமானது. அளவு ரவிக்கை கொடுத்துத் தைக்கக் கொடுக்கிறோம். கை இறுக்கமாக வந்தால், “போடப் போட விட்டுக்கொடுக்கும்மா” என்கிறார். தொளதொளவென்று வந்தால், “ஒரு தண்ணி பார்த்தா சரியாயிடும்மா” என்கிறார். அந்தத் துணி ஒரே சமயத்தில் நீளவும் சுருங்கவும் வல்லது! ஆனாலும் தையற்காரர் ரவிக்கைக்குள்ளே கொஞ்சம் துணி விட்டுத் தைத்திருப்பார், பிரித்து விடலாம். எஃகுக் குழாயில் உள்தையல் கிடையாது. மேல் குழாயை மூன்று சென்டிமீட்டர் குறைக்கவேண்டுமானால் கீழ்க் குழாயையும் குறைத்தாகவேண்டும். இரண்டையும் உருக்கிக் கழற்றி, வேறு வெட்டிப் பற்றவைத்து, மறுபடி பெயிண்டு அடிப்பதற்குப் புதிதாகவே ஒரு சட்டம் கட்டிவிடலாம்.

அவர் சொன்ன வைத்தியங்களையும் பார்த்துவிடுவோம். ஸீட்டை முன்னால் தள்ளினால் ஹாண்டில்பார் கிட்ட வரும், வாஸ்தவம். ஆனால் பெடலுக்கு நேராக இருக்க வேண்டிய இடத்தை விட்டு உடம்பும் முன்னால் போய், பாரம் முழுவதும் கைகளில் இறங்கும். எழுதிப் பிழைக்கிறவளின் மணிக்கட்டு அது. ஸ்டெம்மை மிகவும் சின்னதாக்கினால், கை லேசாக அசைந்தாலும் முன்சக்கரம் துடிக்கும். கிராங்கைப் பற்றி அவர் பேச்சே எடுக்கவில்லை. குட்டைக் கால் பெரிய வட்டம் சுற்றினால், பெடல் மேலே வரும் ஒவ்வொரு தடவையும் முழங்கால் அளவுக்கு மீறி மடங்கவேண்டும். பாங்கிக்குப் போய் வருவதற்குள் எத்தனை சுற்று என்று எண்ணிக்கொள்ளுங்கள்.

அவருடைய பேச்சில் எனக்கு முதலில் உறைக்காத ஒன்று, அன்று இரவு கணக்குப் போட்டுப் பார்த்தபோது உறைத்தது. மூன்று தப்பு என்றேன் அல்லவா? அவை மூன்றும் ஒரே தப்பின் மூன்று முகங்கள். சிறிய சட்டத்தில் பெரிய சக்கரத்தைப் போட்டால், திரும்பும்போது முன்சக்கரம் செருப்பு நுனியில் வந்து இடிக்கும். டயரின் கனத்தைப் பொறுத்து, 559-க்கும் 622-க்கும் சக்கரத்தின் ஆரத்தில் இரண்டு மூன்று சென்டிமீட்டர் வித்தியாசம். கிராங்க் நீளமானபோது காலும் ஒன்றரை சென்டிமீட்டர் முன்னால் போய்விட்டது. இடிக்காமல் இருக்கவேண்டுமானால் முன்சக்கரத்தைத் தள்ளி வைக்கவேண்டும். தள்ளி வைப்பதற்கு மேல் குழாயை நீட்டவேண்டும். நீட்டியிருக்கிறார்! இது கைப்பிசகு அல்ல. கிடங்கிலே இருந்த சக்கரத்துக்காகச் சட்டத்தை மாற்றினார்; அந்தச் சட்டத்துக்காக என்னை மாறச் சொல்கிறார். இவ்வளவு கணக்கும் சுத்தமாகப் போடத் தெரிந்த மனிதருக்கு, நடுவில் ஒரு நாள் டெலிபோனை எடுத்து, “அம்மா, ரிம் கிடைக்கவில்லை, என்ன செய்யட்டும்?” என்று கேட்கத் தோன்றவில்லை. ஏன் தோன்றவில்லை? கேட்டால் நான் ‘கூடாது’ என்று சொல்லக்கூடும். கேட்காமல் அனுப்பிவிட்டால் பேசாமல் வாங்கிக்கொள்வேன். நூற்றுக்குத் தொண்ணூறு பேர் அப்படித்தான் வாங்கிக்கொள்கிறோம் என்பது அவருக்குத் தெரியும்.

குள்ளமானவர்களுக்குச் சைக்கிள் செய்வது முடியாத காரியம் என்று யாராவது எண்ணினால் அவர்களுக்கு ஒரு சேதி. அமெரிக்காவில் ஜார்ஜினா டெர்ரி என்ற மெக்கானிகல் எஞ்சினியர் 1985-ல் பெண்களுக்கென்றே ஒரு சைக்கிள் கம்பெனி தொடங்கினார். சின்ன உருவம் கொண்டவர்களுக்கு அவர் செய்த சைக்கிளில் பின்சக்கரம் வழக்கமான அளவு. முன்சக்கரம் மட்டும் சிறியது, 24 அங்குலம். பக்கத்திலிருந்து பார்த்தால் கோணல்மாணலாகத்தான் தெரியும். ஆனால் செருப்பில் இடிக்காது, கையும் எட்டும். மாற்றத் தக்கது சக்கரம் என்று அந்த அம்மாளுக்குத் தோன்றி நாற்பது வருஷம் ஆகிறது.

‘பாவம், சின்னத் தொழில்’ என்ற கட்சிக்காரர்களிடம் வருகிறேன். எனக்குச் சைக்கிள் செய்தவரைவிட இவர்கள்மேல்தான் கோபம் அதிகம். இதே சைக்கிள் இத்தாலியிலிருந்தோ ஜப்பானிலிருந்தோ மூன்று சென்டிமீட்டர் தப்பாக வந்திருந்தால், “உடனே திருப்பி அனுப்பு, விடாதே!” என்று எனக்கு உற்சாகம் ஊட்டியிருப்பவர்கள் இவர்களே. நம் ஊர்க் கைத்தொழிலாளி என்றதும் இரக்கம் பொங்குகிறது. இந்த இரக்கத்தைச் சுரண்டிப் பாருங்கள். அடியிலே, ‘அவனுக்கு இவ்வளவுதான் வரும்’ என்ற ஏளனம் தட்டுப்படும். என் கதையை ஒரு பத்திரிகாசிரியர், “பாவம், பெண்பிள்ளை ஆசையாக எழுதியிருக்கிறாள், போட்டுவைப்போம்” என்று பிரசுரித்தால் எனக்கு அதைவிட வேறு அவமானம் உண்டா? நான் எழுதத் தொடங்கிய காலத்தில் என் கதையை மூன்று தடவை திருப்பி அனுப்பிய ஓர் ஆசிரியர் இருந்தார். என்னை எழுத்தாளி என்று முதன்முதலில் மதித்தவர் அவர்தான் என்று இன்றைக்கும் சொல்லிக்கொண்டிருக்கிறேன்.

எங்கள் தெருமுனையில் புளியமரத்தடியில் சைக்கிள் ரிப்பேர் செய்யும் ஒருவர் இருக்கிறார். ரிம்மில் பெண்டு எடுப்பதிலே மகா நிபுணர். பெட்டியிலிருந்து அந்தச் சைக்கிளை வெளியே எடுத்து நிறுத்தியபோது அவரைத்தான் அழைத்துக் காட்டினேன். சுற்றி வந்து பார்த்தார்; என்னையும் ஒரு தடவை ஏற இறங்கப் பார்த்தார். “வேலை நல்லாத்தான் செஞ்சிருக்கான்க்கா. ஆனா இது உங்க வண்டி இல்லை, வேற யாரோட வண்டியோ” என்றார். சின்னத் தொழில் செய்கிறவர் சொன்ன தீர்ப்பு இது. அவருக்கு என்மேலும் இரக்கமில்லை, அவர்மேலும் இரக்கமில்லை, அளவுதான் பேசிற்று.

செய்கிறவர் பக்கத்து நியாயத்தையும் நான் மறைக்கப் போவதில்லை. அளவுக்குச் செய்த பொருளை வேறொருவர் தலையில் கட்டமுடியாது. வாடிக்கைக்காரர்களிலே நாணயமில்லாத ஜாதி ஒன்றும் உண்டு: பச்சை வேண்டும் என்று கேட்டு வாங்கிவிட்டு, பக்கத்து வீட்டு நீலத்தைப் பார்த்ததும் பச்சையில் குற்றம் கண்டுபிடிப்பவர்கள். அவர்களிடம் அவர் எவ்வளவு கறாராக இருந்தாலும் தகும். பெயிண்டு நான் நினைத்ததைவிட ஒரு சாயல் கறுத்திருந்தால் வாய் திறந்திருக்கமாட்டேன். கையால் வெட்டிப் பற்றவைக்கும் வேலையில் ஒன்றிரண்டு மில்லிமீட்டர் முன்னே பின்னே வந்தால் அதையும் கேட்கமாட்டேன். முப்பது மில்லிமீட்டர் அந்த வகையைச் சேர்ந்ததல்ல. கையெழுத்திட்ட படம் என்று ஒன்று எதற்காக இருக்கிறது? என் சபலத்திலிருந்து அவரையும், அவருடைய சௌகரியத்திலிருந்து என்னையும் காப்பாற்றத்தானே?

கல்லூரியில் பாடம் சொல்லும் என் சிநேகிதி ஒருத்தி கொண்டுவந்த வாதம் மற்றவற்றைவிடக் கெட்டிக்காரத்தனமானது. “புதுக்கோட்டையை நினைத்துப் பார். 1990-களின் தொடக்கத்தில் அறிவொளி இயக்கத்தின்போது ஆயிரமாயிரம் கிராமத்துப் பெண்கள் சைக்கிள் ஓட்டக் கற்றுக்கொண்டார்களே! லேடீஸ் சைக்கிள் போதாமல் ஆண்கள் சைக்கிளையே எடுத்து ஓட்டினார்களே! அவர்கள் டேப் வைத்து அளந்தார்களா?” என்றாள்.

அளக்கவில்லைதான். அப்போது அங்கே கலெக்டராக இருந்த ஷீலா ராணி சுங்கத் சைக்கிள் பயிற்சியை அறிவொளியோடு சேர்த்ததும், தினக்கூலிப் பெண்களும் கல்லுடைக்கும் பெண்களும் சைக்கிளில் ஏறியதும் தமிழ்நாட்டுச் சரித்திரத்தில் பெரிய விஷயங்கள். அதைப் பற்றி எழுதிய பத்திரிகையாளர் சாய்நாத் இன்னொன்றையும் குறித்திருக்கிறார். அந்தப் பெண்களில் சிலர் ஆண்கள் சைக்கிளையே விரும்பி வாங்கினார்களாம்; அதில் ஸீட்டுக்கும் ஹாண்டிலுக்கும் நடுவே உள்ள பாரிலே குழந்தையை உட்காரவைத்துக் கொள்ளலாம் என்பதற்காக. இதைத்தான் என் சிநேகிதி யோசிக்கவேண்டும். அந்தத் தாய் சைக்கிள் எப்படி இருக்கிறது என்று கண்ணால் பார்த்தாள்; தன் காரியத்துக்கு எது உதவும் என்று தானே தீர்மானித்தாள்; ஏறிக்கொண்டாள். அவளிடம் யாரும் ‘உன் அளவுக்குச் செய்து தருகிறேன்’ என்று நாற்பதினாயிரம் ரூபாய் வாங்கிக்கொண்டு போகவில்லை. தானாக அனுசரித்துக்கொண்டவளைச் சாட்சிக்கு இழுத்து, அனுசரிக்க வைக்கப் பார்ப்பவருக்கு வக்காலத்து வாங்குவது என்ன நியாயம்?

இதில் ஆண் பெண் பேதமும் இல்லாமல் இல்லை. பொருள் சரியில்லை என்று ஆண்பிள்ளை குரல் உயர்த்தினால் அவர் ‘கறாரான பேர்வழி’. நான் குரலை உயர்த்தாமல் எண்களை மட்டும் சொன்னேன். ‘சண்டைக்காரி’ என்ற பட்டம் கிடைத்தது. போகட்டும், தாட்சண்யம் தன நாசம் என்று பெரியவர்கள் சொன்னது ஆண்களுக்கு மட்டும் சொன்னதல்ல.

சட்டம் என்றாலே நம்மவர்களுக்கு வக்கீல் பீஸும் வாய்தாவும்தான் ஞாபகத்துக்கு வருகின்றன. புத்தகத்தைப் புரட்டிப் பார்த்தால் அது அவ்வளவு பயங்கரமாக இல்லை. 1930-ம் வருஷத்துச் சரக்கு விற்பனைச் சட்டம் இன்றும் நடைமுறையில் இருக்கிறது. இன்ன விதமானது என்று விவரித்து விற்கும் பொருள் அந்த விவரத்துக்குப் பொருந்தியிருக்க வேண்டும் என்கிறது 15-ம் பிரிவு. முன்னால் பார்த்திராத பொருளைப் பரிசோதிக்க நியாயமான சந்தர்ப்பம் கிடைக்கும்வரை, வாங்கினவர் அதை ஏற்றுக்கொண்டதாக ஆகாது என்கிறது 41. ஏற்றுக்கொண்டேன் என்று சொன்னாலும், சொந்தக்காரர் மாதிரி உபயோகிக்கத் தொடங்கினாலும், நியாயமான காலம் கடந்தும் வாயை மூடிக்கொண்டிருந்தாலும் ஏற்றுக்கொண்டதாகவே கொள்ளப்படும் என்கிறது 42. ‘இரண்டு வாரம் ஓட்டிப் பாருங்கள்’ என்ற வைத்தியத்தில் உள்ள அபாயம் இப்போது தெரிகிறதா? அந்தச் சைக்கிளில் நான் ஒரு தடவைகூட ஏறவில்லை. இன்னும் ருசியானது 43-ம் பிரிவு. வேறுவிதமான உடன்பாடு இல்லாத பட்சத்தில், நியாயமாக மறுத்த பொருளைத் திருப்பிக் கொண்டுபோய்ச் சேர்க்கும் பொறுப்பு வாங்கினவருடையதல்ல. மறுத்துவிட்டதைத் தெரிவித்தாலே போதும். ‘லாரிச் செலவை நீங்கள் போட்டு அனுப்புங்கள்’ என்று அவர் சொன்னபோது எனக்குக் கைகொடுத்தது இதுதான்.

இதற்கு மேலே நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் இருக்கிறது. 1986-ல் முதலில் வந்தது. அதன் இடத்தில் 2019-ல் புதிய சட்டம் இயற்றப்பட்டு 2020 ஜூலையில் அமலுக்கு வந்தது. விற்றவர் எந்த ஊரில் இருந்தாலும், வாங்கினவர் குடியிருக்கும் மாவட்டத்திலேயே புகார் கொடுக்கலாம். ஐந்து லட்சம் ரூபாய்க்கு உட்பட்ட விவகாரத்துக்கு மனுக் கட்டணம் இல்லை. வக்கீல் வைத்துக்கொள்ள வேண்டிய கட்டாயமும் இல்லை. இரண்டு வருஷத்துக்குள் போகவேண்டும், அவ்வளவுதான். தானம் வந்த மாட்டைப் பல்லைப் பிடித்துப் பார்க்காதே என்பார்கள். நான் காசு கொடுத்து வாங்கின மாடு இது. பல்லைப் பிடித்துப் பார்க்கத்தான் பார்ப்பேன்.

நான் செய்தது இவ்வளவே. ஒவ்வொரு குழாயின் மேலும் டேப்பை நீட்டி வைத்து, எண் தெரியும்படி போட்டோ எடுத்தேன். பெட்டி வந்த மூன்றாம் நாள் ரிஜிஸ்தர் தபாலில் ஒரு கடிதம் அனுப்பினேன். வசவு கிடையாது, உபதேசம் கிடையாது. படத்தில் உள்ள அளவு ஒரு பக்கம், வந்த அளவு எதிர்ப்பக்கம். கடைசியில், இதை ஏற்கவில்லை என்று ஒரு வரி. நாவலாசிரியைக்கு இவ்வளவு சுருக்கமாக எழுதுவது எத்தனை கஷ்டம் என்பது எனக்குத்தான் தெரியும்! பாக்கிப் பணத்தை அனுப்பவில்லை.

இரண்டு வாரம் பதில் இல்லை. பிறகு கோபமாக ஒரு டெலிபோன் வந்தது. பிறகு, “பெயிண்டுச் செலவிலே பாதியாவது கொடுங்க” என்று பேரம் வந்தது. பெயிண்டு அடிக்கச் சொன்னது 49 சென்டிமீட்டர் குழாய்க்கு என்று சொன்னேன். மறு வாரம் அவருடைய லாரிக்காரரே வந்து பெட்டியை எடுத்துப் போனார். புதிய சட்டம் கட்டித் தருவதாக ஒப்புக்கொண்டு, போன செவ்வாய்க்கிழமை புதிய படத்தையும் அனுப்பியிருக்கிறார். ஸீட் குழாய் 41. மேல் குழாய் 49. சக்கரம் 559, ரிம் இரண்டும் வந்துவிட்டதாக ஓரத்தில் ஒரு குறிப்பு வேறு. கிராங்க் 165 என்று போட்டிருந்தது. சிவப்புப் பென்ஸிலால் அதை 155 என்று திருத்தி, கையெழுத்துப் போடாமல் திருப்பி அனுப்பியிருக்கிறேன்.